நன்றியுரை சொல்லாத கூட்டம்

போன வாரம் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு கேட்டார்: ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் போடுகிறது, ஜனாதிபதி 'முடியாது' என்று அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறார், அப்புறம் அவரை யார் கேட்பது, எப்படிக் கேட்பது? நல்ல கேள்வி. நான் சட்டம் படித்தவனல்ல. தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத்தில் ஜில்லாச் செயலாளராகக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஆனால் இதே கேள்விக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வியர்க்க வியர்க்கப் பதில் தேடியிருக்கிறேன். அதுவும் நுவரெலியாக் குளிரில், கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில். வகுப்பில் சொல்ல நேரம் போதவில்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன். தூங்காமல் படியுங்கள்.

ஐம்பதுகளின் பின்பகுதி அது. எங்கள் ஜில்லாக் கமிட்டிக்கு ஒவ்வொரு தோட்டமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். கொத்மலைப் பக்கம், ராகலைப் பக்கம், நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்கள் என்று எல்லோரும் மாதம் ஒருமுறை கூடுவோம். எல்லோருக்கும் மேலே ஜில்லாத் தலைவர். கமிட்டி என்ன முடிவு எடுத்தாலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரும்.

ஆரம்பத்தில் இதில் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் முதல் தலைவர் ஒரு வழக்கறிஞர். பிடிக்காத தீர்மானத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். மறுத்தேன் என்றும் சொல்லமாட்டார், ஏற்றேன் என்றும் சொல்லமாட்டார். அவர் வீட்டில் கூட்டம் போடுவதை நிறுத்தி, கடைத்தெருவில் ஒரு பொது இடம் பார்க்க வேண்டும் என்று நாங்கள் போட்ட தீர்மானம்கூட அந்தக் கோட்டுக்குள்தான் போயிற்று. கொத்மலைப் பக்கத்துப் பிரதிநிதி வேலாயுதம் அண்ணனுக்கு அன்று வந்த கோபத்தில்தான் எங்கள் சங்கத்துக்கு ஓர் உருப்படியான விதி கிடைத்தது. கோபப்படுகிறவர்களை உடனே அடக்கப் பார்க்காதீர்கள், சிலசமயம் அதில் சட்டம் பிறக்கும்.

விதி இதுதான். தலைவர் ஒரு தீர்மானத்தை மறுக்கலாம், அந்த உரிமையை நாங்கள் பறிக்கவில்லை. ஆனால் மறுப்பதென்றால் அதே கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைக் கேட்ட பிறகும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்கினால் அவர் மறுப்பு செல்லாது, கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். போட்டதோடு விடமுடியாது, அந்தத் தீர்மானத்தை அவரே முன்னால் நின்று நடத்தவும் வேண்டும். ஆனால் கையெழுத்து விழுவதற்கு முன் கூட்டம் முடிந்துவிட்டால் தீர்மானம் செத்தது. அடுத்த மாதம் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியவில்லை.

வழக்கறிஞருக்குப் பிறகு வந்த தலைவரைப் பற்றித்தான் இந்தக் கதை. ஹட்டன் பக்கத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். மாதக் கூட்டத்துக்கு ரயிலில் நானுஓயாவரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மேலே வருவார். கறுப்புக் குடை ஒன்று எப்போதும் கையில். கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் வாத்தியார் முறையில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். வரவேற்புரையோடு தொடங்க வேண்டும், நன்றியுரையோடு முடிய வேண்டும், நன்றியுரை சொல்லும்வரை ஒருவரும் எழுந்திருக்கக்கூடாது. நம் ஆட்களுக்கு அது சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லாமல் படியிறங்குவோமா? அது மாதிரித்தான்.

வந்த புதிதில் அவர் எங்களைவிட வேகம். வேலைநிறுத்தத் தீர்மானத்தை நான் வாசித்து முடிப்பதற்குள் பேனாவைத் திறந்துவிடுவார். அப்படி அவர் கையெழுத்துப் போட்ட ஒரு வேலைநிறுத்தத்தில் ராகலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆட்கள் ரோட்டில் இறங்கி ஊர்வலமாகப் போனார்கள். ஒரு சின்னப் பாலத்தில் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள், பின்னால் வந்தவர்கள் தெரியாமல் நெருக்கினார்கள். கைப்பிடி உடைந்து சவரிமுத்து என்ற பிரதிநிதி ஆற்றில் விழுந்தார். மழைக்காலத்து ஆறு. உடலைத்தான் எடுத்தோம். தலைவரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்.

சவரிமுத்துவின் இடத்துக்கு அவர் மனைவி சவரியம்மாவையே அந்தத் தோட்டத்து ஆட்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள். அதிகம் பேசமாட்டார். சுவர் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதன்பிறகு தலைவர் எந்த வேலைநிறுத்தத் தீர்மானத்திலும் கை வைக்கவில்லை. 'பார்ப்போம்', 'பேசிப் பார்ப்போம்', 'அடுத்த மாசம் கொண்டாங்க'. பெரிய விஷயம் எதுவும் வராததால் நாங்களும் விட்டுக்கொடுத்தோம். ஆனால் ஏன் என்று அவர் வாயைத் திறந்து சொல்லாததால் ஊர் தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொண்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் டீ குடித்துவிட்டார் என்றார்கள். விலை போய்விட்டார் என்றார்கள். மறுக்கிறவன் காரணம் சொல்லாவிட்டால், இருப்பதிலேயே கேவலமான காரணத்தைத்தான் ஜனங்கள் அவன் தலையில் கட்டுவார்கள். இதை மனதில் வையுங்கள்.

இந்த நிலைமையில்தான் முனியாண்டியின் விவகாரம் வந்தது. நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் மனைவி லெட்சுமிக்குப் பிள்ளை பிறந்து உடம்பு தேறவில்லை. அதற்குள் கொழுந்து பறிக்க வந்தே ஆக வேண்டும் என்று வேலை வாங்கும் தோட்ட அதிகாரியான கண்டாக்கு சொல்லியிருக்கிறார். காலையில் எல்லோரையும் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால் முனியாண்டி 'அவ வரமாட்டா' என்று சொல்லிவிட்டார். எதிர்த்துப் பேசினான் என்று தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் பேர் வெட்டினார்கள். பேர் வெட்டினால் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் இருக்க முடியாது. திங்கட்கிழமை காலை அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும், இல்லையென்றால் சாமானைத் தூக்கி வெளியே போடுவோம் என்று உத்தரவு.

உங்களுக்கு இன்று இது வீடு மாறுகிற மாதிரித் தோன்றலாம். அன்று அப்படியல்ல. இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு எங்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த நாடும் இல்லை. எதிர்த்துப் பேசியவன் என்று பேர் வெட்டப்பட்டவனை அடுத்த தோட்டம் வாசலிலேயே சேர்க்காது. ஒரு காம்பராவை விட்டு இறங்கினால் இந்த உலகத்தில் நிற்பதற்கு வேறு இடம் கிடையாது. அதுவும் பச்சைப் பிள்ளையோடு, மழையில்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. நாங்கள் கூடும் மாடி, கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியுடையது, நானா என்றுதான் கூப்பிடுவோம். முனியாண்டியும் லெட்சுமியும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வரக் கூச்சம். உத்தரவை வாபஸ் வாங்கும்வரை ஜில்லாவில் எந்தத் தோட்டத்திலும் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு இறங்குவதில்லை என்று தீர்மானம். ஏறக்குறைய எல்லாக் கையும் தூக்கியாயிற்று. நான் தீர்மானத்தைத் தலைவர் முன்னால் வைத்துப் பேனாவையும் திறந்து வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் படித்தார். சுவர் ஓரத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் பேனாவை மூடினார்.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து, படியில் இருந்த முனியாண்டியைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார்.

கையெழுத்தும் இல்லை, காரணமும் இல்லை. விதியில் இருந்த ஓட்டை இதுதான். எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதினோம். எழுந்து நடந்தே போய்விட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

எங்கள் பொருளாளர் தலைவருக்கு ரொம்ப வேண்டியவர். அவர் எழுந்தார். "தலைவரு எழும்பிட்டாரு. கூட்டம் முடிஞ்சிருச்சு. தீர்மானத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். முனியாண்டி வாசல்வரை வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னாங்க ஐயா முடிவாச்சு? நாளைக்குக் காலையில நாங்க எங்கங்க போறது?"

எனக்கு அந்த நேரத்தில் அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வழக்கப்படி செயலாளர் எழுந்து நன்றியுரை சொல்ல வேண்டிய நேரம். பழக்கதோஷத்தில் நான் எழுந்தும்விட்டேன். 'இத்துடன்' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் இன்னும் சொல்லவில்லையே. சொன்னால்தானே கூட்டம் முடியும்? அப்படியே உட்கார்ந்தேன்.

உப தலைவராக இருந்த வேலாயுதம் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, நன்றியுரை சொல்லப் போறியா?"

"இல்லண்ணே."

"இன்னிக்கி சொல்ற மாதிரி உத்தேசம் உண்டா?"

"தலைவரு வந்து காரணம் சொல்ற வரைக்கும் இல்லண்ணே."

"அப்ப நான் உக்கார்றேன்" என்று சொல்லி, தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "எல்லாரும் உக்காருங்க. கூட்டம் நடக்குது."

பொருளாளர் கத்தினார். இது ஏமாற்று வேலை என்றார். அவர் கெட்டவரல்ல, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் கூட்டம் நன்றியுரையோடு முடிய வேண்டும் என்று எழுதிவைத்தது நாங்களா? அவருடைய தலைவர்தானே.

இனி இரண்டு வேலை. தலைவரை ரயிலேறுவதற்கு முன் பிடித்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதுவரை பாதிக்குமேல் ஆட்கள் மாடியிலேயே இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் கூட்டம் தானாகவே கலைந்ததாகிவிடும். போகிறேன் என்று நான் எழுந்தேன். செயலாளர் இறங்கினால் பொருளாளர் நன்றியுரை சொல்லிவிடுவார் என்று அண்ணன் கண்ணாலேயே என்னை உட்காரவைத்தார்.

"நான் போயி கூட்டிட்டு வர்றேன்" என்று சுவர் ஓரத்திலிருந்து குரல் வந்தது. சவரியம்மா.

அந்த அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார். நானாவின் மரக்கறி லொறி அப்போது நானுஓயாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. முன் சீட்டில் சவரியம்மாவை ஏற்றிவிட்டு, நானா கீழேயிருந்து எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"நான் செல்றத கேளுங்க. மாடிய அந்திக்கு வேற ஆளுக்குக் குடுத்தீக்கிது. அதுக்குள்ள முடிச்சுக்கோங்க."

அந்தப் பிற்பகலை நான் மறக்கமாட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் நடக்க வேண்டுமென்றால் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக ஒருவரை உட்காரவைக்கத்தான் நான் பாடுபடுவேன், அன்று ஒவ்வொருவரையும் கெஞ்சி எழுப்பினேன். ஒருவர், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். ஒருவர் லயத்துச் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டதைப் பற்றிப் பேசினார், அது எந்தப் பக்கமாக ஓடுகிறது, எங்கே திரும்புகிறது என்பதுவரை. வாயே திறக்காத ஒருவர் எழுந்து நின்று, "எனக்குப் பேச ஒன்னுமில்லீங்க, ஆனா நின்னுக்கிட்டிருக்கேன்" என்றார். அதையும் பேச்சாக ஏற்றுக்கொண்டோம்.

சிரிக்கிறீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ராகலைக்காரர்கள் ஜன்னல் வழியாக பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் மழையில் நடைதான். பெண் பிரதிநிதிகளுக்கு வீட்டில் உலை வைக்க வேண்டும். ஒவ்வொருவராக என்னிடம் வந்து காதில் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் போயும்விட்டார்கள். படியில் பிள்ளை அழுதது. லெட்சுமி அதை அடக்க அடக்க அது இன்னும் கத்தியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் நானா எங்கள் மேல் இரக்கப்பட்டு, ஒரு பெரிய கேத்தலில் பிளேன்டீயும் சீனியும் மேலே அனுப்பினார். எல்லோரும் ஆவலாக வாங்கிக் குடித்தோம். எங்களோடு சின்னையா என்று ஒரு வயதான பிரதிநிதி இருந்தார். மரியாதைக்குப் பேர்போன மனுஷன். யார் எதைக் கொடுத்தாலும் எழுந்து நின்றுதான் வாங்குவார். அவர் கோப்பையைக் கீழே வைத்தார், தொண்டையைச் செருமினார், எழுந்தார்.

"இந்த மழைக்குளிருல நம்ம எல்லாருக்கும் அன்போட டீ குடுத்த நானா அவர்களுக்கு, கமிட்டி சார்பா என்னோட மனமார்ந்த நன்றியத் தெரிவிச்சுக்கிறேன்!"

காலங்காலமாக அந்தத் தொனிக்குப் பழகிய கைகள். மொத்த மாடியும் கைதட்டியது. நானும் தட்டினேன். கைதட்டியதும் பாதிப் பேர் தங்களை அறியாமலேயே எழுந்து வேட்டியை உதறிவிட்டார்கள்.

பொருளாளர் பாய்ந்து எழுந்தார். "எழுதுங்க செயலாளர்! நன்றி சொல்லியாச்சு, கை தட்டியாச்சு, ஆளும் எழும்பியாச்சு. கூட்டம் முடிஞ்சுது!"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் கூரை ஒரு கோப்பை டீயில் கரைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சின்னையாவுக்கு நடந்தது புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"ஐயோ, நான் டீக்குத்தான்யா சொன்னேன்! டீக்கு மட்டுந்தான்யா!"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வேலாயுதம் அண்ணன் மட்டும் வாயே திறக்கவில்லை. டீயை ஒரு மிடறு குடித்தார். நெருக்கடியில் எல்லோரும் சத்தம் போடும்போது பதில் சொல்ல அவசரப்படாதவரைப் பார்த்து வையுங்கள், அந்த மாதிரி ஆள் கமிட்டிக்கு ஒருவராவது வேண்டும். சத்தம் அடங்கியதும் பொருளாளரைப் பார்த்து ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"நம்ம வழக்கத்துல நன்றியுரையில மொதல் நன்றி யாருக்குங்க?"

"தலைவருக்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... கடைசிவரைக்கும் இருந்து கூட்டத்த நடத்திக் குடுத்ததுக்கு."

"எங்கங்க அவரு? கொஞ்சம் காட்டுங்க, நன்றி சொல்லிருவோம்."

அண்ணன் தான் உட்கார்ந்திருந்த தலைவர் நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினார்.

"அவரு வந்து இந்த நாக்காலியில உக்காந்தாத்தான் அவருக்கு நன்றி சொல்ல முடியும். அவருக்கு சொல்லாத நன்றி நன்றியுரை ஆவாது. இப்ப சொன்னது டீக்கு. எல்லாரும் உக்காருங்க, டீ ஆறுது."

எந்த இடத்தை விட்டுப்போய் தலைவர் எங்கள் தீர்மானத்தைக் கொல்லப் பார்த்தாரோ, அந்தக் காலி இடமே அதைக் காப்பாற்றியது. ராகலைக்காரர்கள் பஸ்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

இருட்டுக் கட்டுவதற்கு முன் லொறி வந்து நின்றது. முதலில் கறுப்புக் குடை, அப்புறம் சவரியம்மா. நானுஓயாவில் என்ன நடந்தது என்று அந்த அம்மா பின்னால் ஒருநாள் சொன்னார். மூடுபனியால் ரயில் பிந்திவிட்டதாம். தலைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். இவர் போய் எதிரில் நின்று, "நீங்க வேல நிறுத்தத்தப் பாத்து ஓடலீங்க ஐயா, என்னயப் பாத்துத்தான் ஓடுறீங்க. என்ன காரணமோ அதை அங்க வந்து சொல்லுங்க. நான் கேக்கணும்" என்று சொன்னாராம். ரயில் வந்து நின்றும் அவர் ஏறவில்லையாம்.

மாடிக்கு வந்த தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். பள்ளிக்கூடத்தையே அதட்டிய குரல், அன்று பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"நான் இந்தத் தீர்மானத்த மறுக்கிறேன். காரணத்தச் சொல்றேன். துரை எனக்கு டீ குடுக்கல. நீங்க பேசிக்கிறது எல்லாம் என் காதுக்கும் வருது. நான் ஒரு தடவ யோசிக்காம கையெழுத்துப் போட்டேன். சவரிமுத்து போயிட்டாரு. தூக்கிட்டு வர்றப்ப அவரு கை என் சட்டையில பட்டுக்கிட்டே வந்துச்சு. அதுக்கப்புறம் பேனாவப் பாத்தா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருது. முனியாண்டிக்குக் காம்பரா போறது எனக்குத் தெரியாம இல்ல. காம்பரா போனா ஒரு நாள் திரும்ப வாங்கிரலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆளு போனா வாங்க முடியாது. இதுதான் காரணம். இத இந்தம்மா முன்னால சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அதான் எழும்பிப் போனேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனிதரையா விலை போனவர் என்றோம்? அதேநேரம் பயமும் வந்தது. இந்தப் பேச்சுக்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்குக் கை எங்கே உயரப் போகிறது? பஸ்ஸை விட்டுக் காத்திருந்தவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விதிப்படி வேலாயுதம் அண்ணன் கேட்டார். "காரணத்தக் கேட்டீங்க. இப்பவும் தீர்மானம் வேணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். போதாது. எல்லோரும் சவரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

"எங்க வீட்டுக்காரரு உங்க கையெழுத்தால சாகலீங்க ஐயா. பாலத்துல நெருக்குனதால செத்தாரு. அவரு கடைசியா தூக்குனதும் இந்த மாதிரி ஒரு குடும்பத்துக்காகத் தூக்குன கைதான். நீங்க பயப்படுறது நல்லதுதான். ஆனா அந்தப் பயத்த எங்ககிட்ட குடுங்க, நாங்களும் பயந்து பாத்து நடந்துக்குவோம். ரோட்டுல எறங்க வேணாம். அவங்கவங்க லயத்துலயே இருப்போம். அதையும் தீர்மானத்துல எழுதுங்க."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

ரோட்டில் இறங்குவதில்லை என்ற அந்த வரியை வழிமொழிந்தது யார் தெரியுமா? பொருளாளர். நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது மாடி முழுக்கக் கைகளாக இருந்தது. இரண்டு தரம் எண்ணினேன். போதுமானதற்கு மேலேயே இருந்தது. தலைவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். அதன்பிறகுதான் நான் எழுந்து நன்றியுரை சொன்னேன். அவ்வளவு சுருக்கமாக என் வாழ்நாளில் சொன்னதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தடுக்கும் அதிகாரம் வேண்டுமா என்றால், வேண்டும். கூட்டமாகச் சேர்ந்தால் நமக்கெல்லாம் கொஞ்சம் தலைகால் புரியாது, நில் என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் அவர் எல்லோரும் பார்க்க நின்று, ஏன் என்று சொல்லியாக வேண்டும். கேட்டவர்களுக்கு மறுபடியும் கை தூக்க வாய்ப்பும் வேண்டும். தலைவர் பேசாமல் ரயிலேறியிருந்தால் முனியாண்டிக்குக் காம்பரா போயிருக்கும். அவர் காரணத்தைக் கேட்காமலேயே நாங்கள் ஜெயித்திருந்தால் மறுபடியும் ரோட்டில் இறங்கியிருப்போம், இன்னொரு பாலத்துக்குப் போயிருப்போம். இரண்டுமே நடக்கவில்லை. முனியாண்டிக்கும் லெட்சுமிக்கும் பிற்பாடு பேர் திரும்பப் பதிந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அடுத்த கூட்டத்தில் விதியின் ஓட்டையையும் அடைத்தோம்.

நான் இன்னும் அந்தத் திங்கட்கிழமைக் காலையைச் சொல்லவில்லை.

விடிந்ததும் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளம் அடித்துக்கொண்டே இருந்தது, களத்துக்கு ஒரு ஆள் வரவில்லை. எல்லோரும் லயத்து வாசல்களில் நின்றார்கள். முனியாண்டியின் காம்பரா வாசற்படியில் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்கே போகவில்லை, நானாவின் கடையில் படுத்திருந்துவிட்டு என்னையும் முந்திக்கொண்டு வந்துவிட்டார். மழையில் நனைந்து கால்சட்டை முழங்கால்வரை சேறு.

சாமானைத் தூக்கிப்போடக் காவல்காரர்கள் இரண்டு பேரோடு கண்டாக்கு வந்தார். வாசற்படியில் இருந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க ஏங்க இங்க உக்காந்திருக்கீங்க? வேல நிறுத்தம் வேணாம்னு நீங்கதான் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேனே?"

தலைவர் எழுந்திருக்கவில்லை. நகரவும் இல்லை.

"ஆமா, வேணாம்னுதான் சொன்னேன்" என்றார். "தோத்துட்டேன். அதான் வந்திருக்கேன்."